ஈரமும் வாடையும்: ராமநாதபுரம் கடலோரத்தில் உடல் சூடு குறையாமல் காப்பது எப்படி

கடலோர ஊர் ஒன்றில் குளிர் அலை வீசுகிறது என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை சொல்ல வேண்டுமானால், அங்கே குறைந்தபட்ச வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்கோ அதற்குக் கீழோ இறங்கியிருக்க வேண்டும். வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருக்கவும் வேண்டும். பாம்பனில் மார்கழி, தை மாத இரவுகளிலும் வெப்பநிலை 23, 24 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் எந்த ஊருக்கும் அப்படியொரு எச்சரிக்கை வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஆனால் ஐப்பசியில் மழை பிடித்ததும், இதே கரையில் குளிரால் உயிருக்கே ஆபத்து வருகிற நிலைமைகள் உண்டு. நனைந்த உடம்போடு இரவு முழுக்கப் படகில் கிடப்பவர், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து ஈரச் சேலையோடு பள்ளிக்கூடத் தரையில் படுத்திருக்கும் பாட்டி, பிறந்து மூன்று நாளான குழந்தை ஆகிய மூவரும்தான் முதலில் மாட்டுகிறவர்கள். காற்று எத்தனை டிகிரி என்பதைவிட, எவ்வளவு நேரம் நனைந்திருந்தார்கள், எவ்வளவு நேரம் காற்றுப்பட்டது என்பதுதான் இங்கே கணக்கு.

இந்த நிலைக்கு உடல் வெப்பக் குறைவு என்று பெயர். மருத்துவமனையில் ஹைப்போதெர்மியா என்பார்கள். உடம்பின் உட்புறச் சூடு சாதாரணமாக 37 டிகிரி செல்சியஸ், அதாவது நமக்குப் பழக்கமான ஃபாரன்ஹீட் கணக்கில் 98.6. அது 35 டிகிரிக்கு, அதாவது 95 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போய்விட்டால் உடல் வெப்பக் குறைவு. இரண்டு டிகிரி சறுக்கினாலே மூளை தடுமாறத் தொடங்கிவிடும்.

சூடு எங்கே போகிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடம்பு மணிக்கு ஏறக்குறைய 80 கிலோ கலோரி வெப்பம் உண்டாக்கும். உண்டாவதும் வெளியே போவதும் சமமாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. ஈரம் இந்தச் சமநிலையைக் கெடுக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 580 கிலோ கலோரி அளவுக்கு வெப்பம் வேண்டும். தொப்பலாக நனைந்த சட்டையும் கைலியும் அரை லிட்டர் தண்ணீரைத் தாராளமாகப் பிடித்து வைத்திருக்கும். அது உடம்பிலேயே காய வேண்டுமானால் 290 கிலோ கலோரி தேவை. அதில் ஒரு பங்கைச் சுற்றியுள்ள காற்று கொடுத்தாலும் மீதியைத் தோல்தான் கொடுத்தாக வேண்டும். “உடம்பிலேயே காய்ந்துவிடும், பரவாயில்லை” என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்கு உடம்பு இவ்வளவு விலை கொடுக்கிறது.

காற்று சேர்ந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். தோலை ஒட்டி மெல்லிய சூடான காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். வாடை அதைத் துடைத்துக்கொண்டு போய்விடும். வாடைக் காலத்தில் தொண்டி, தேவிபட்டினம் எனத் தொடங்கி ராமேஸ்வரம் வரையுள்ள வடகடல் கரை காற்றுக்கு நேர் முகமாக நிற்கிறது. அங்கே மழையில் நனைந்தவருக்கும், அதே மழையில் நனைந்து சுவர் மறைவில் நிற்பவருக்கும் நிலைமை ஒன்றல்ல.

தண்ணீருக்குள் இருப்பது இன்னொரு விதம். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அசையாமல் நீரில் இருக்கும் ஒருவர் சூடு இழக்காமல் இருக்க வேண்டுமானால் தண்ணீர் 33, 34 டிகிரியாவது இருக்க வேண்டும். குளிர்காலத்தில் மன்னார் வளைகுடாவின் மேல்நீர் 26 டிகிரியை ஒட்டி இருக்கும். கை வைத்தால் இதமாகத்தான் தெரியும். ஆனால் பாசி எடுக்க மூன்று, நான்கு மணி நேரம் முங்கி எழும் பெண்களின் உடம்பு அத்தனை நேரமும் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கிறது. ஒல்லியானவர்களுக்கும் வெறும் வயிற்றோடு இறங்கியவர்களுக்கும் சீக்கிரம் நடுக்கம் வரும். சாப்பிட்டுவிட்டு இறங்குவதும், முதல் நடுக்கம் கண்டதுமே மேலே வந்து தலையைத் துவட்டி, காற்றுப்படாத இடத்தில் உட்காருவதும் பாதுகாப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முங்கு போடுவதில்தான் விரல் மரத்து, பாறையில் கால் இடறுகிறது.

நடுக்கத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்

உடல் சூடு 35 டிகிரிக்கும் 32 டிகிரிக்கும் இடையே இருக்கும்போது ஆள் வெடவெடவென்று நடுங்குவார். தோல் வெளுத்து, விரல் சொன்னபடி கேட்காது. தினமும் போடும் முடிச்சைப் போட வராது. பேச்சு குழறும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் எரிந்து விழுவார், அல்லது எதிலும் ஒட்டாமல் ஒதுங்கி உட்காருவார். படகில் கூட இருப்பவர்கள் இதைக் கோபம் என்றோ களைப்பு என்றோ எடுத்துக்கொண்டு விட்டுவிடுவதுண்டு.

32 டிகிரியை நெருங்கும்போது நடுக்கம் குறைந்து நின்றுபோகும். “நடுக்கம் நின்றுவிட்டது, தேறிவிட்டார்” என்று நிம்மதி அடைவதுதான் இதில் நடக்கக்கூடிய மிகப் பெரிய தவறு. துவட்டி, போர்த்தி, சூடாகக் குடித்து, தெளிவாகப் பேசிக்கொண்டே நடுக்கம் நின்றால் நல்லது. ஈரத்தோடு இருக்கும்போதே நின்று, ஆள் அரைத் தூக்கத்துக்குப் போனால் உடம்பு சூடு உண்டாக்கும் வேலையைக் கைவிட்டுவிட்டது என்று பொருள். சிலர் அந்த நிலையில் உடம்பு எரிகிறது என்று துணியைக் களைவார்கள். 28 டிகிரிக்குக் கீழே நினைவு தப்பும், நாடித்துடிப்பு கைக்கு அகப்படாத அளவுக்கு மெலியும்.

வயதானவர்கள் விஷயத்தில் நடுக்கத்தை நம்பவே கூடாது. வயது ஏற ஏற நடுங்கும் சக்தியும் குறைகிறது, குளிரை உணர்வதும் குறைகிறது. தைராய்டு குறைபாடு உள்ளவர்கள், தூக்க மாத்திரை போடுகிறவர்கள், பக்கவாதத்தில் படுத்திருப்பவர்கள் ஆகியோரும் இப்படித்தான். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பவர் குழறினால் அது தாழ்சர்க்கரையாகவும் இருக்கலாம். விழுங்க முடிகிறவரானால் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொடுத்துவிடுவது இரண்டுக்குமே நல்லது.

இங்கே இன்னொரு குழப்பம் வரும். குளிர்காய்ச்சலிலும் ஆள் நடுங்குவார். மலேரியாவிலும் எலிக்காய்ச்சலிலும் கம்பளி கேட்டு நடுங்குவார். ஆனால் அங்கே உடல் சூடு ஏறிக்கொண்டிருக்கிறது, இங்கே இறங்கிக்கொண்டிருக்கிறது. சட்டைக்குள் கைவிட்டு நெஞ்சையும் வயிற்றையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கைகால் சில்லிட்டு நெஞ்சு கொதித்தால் காய்ச்சல். அவருக்கு வேண்டியது ரத்தப் பரிசோதனை. நெஞ்சும் வயிறும் சில்லென்றிருந்தால் உடல் வெப்பக் குறைவு.

தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய கண்ணாடி தெர்மாமீட்டரில் கோடு 94, 95 ஃபாரன்ஹீட்டில்தான் தொடங்கும். அதற்குக் கீழே எவ்வளவு இறங்கியிருந்தாலும் அது காட்டாது. டிஜிட்டல் தெர்மாமீட்டரில் பெரும்பாலும் 32 டிகிரி செல்சியஸ் வரை தெரியும், அதற்கும் கீழே போனால் எண்ணுக்குப் பதில் ‘லோ’ என்று காட்டும். கருவி கெட்டுவிட்டது என்று அதை ஓரமாக வைத்துவிடாதீர்கள். அதைவிட அவசரமான அளவீடு கிடையாது.

ஈரத்தை முதலில் கழற்றுங்கள்

நனைந்து நடுங்கும் ஒருவருக்குச் செய்ய வேண்டியதில் வரிசை முக்கியம். ஈரத்துணியின் மேலேயே போர்வையைப் போர்த்தி, டீயைக் கையில் கொடுப்பது பொதுவாக நடப்பது. போர்வையும் சேர்ந்து நனைவதைத் தவிர அதில் பெரிய பலன் இல்லை.

காற்றுப்படாத இடத்துக்கு, முடிந்தவரை படுத்த நிலையிலேயே கொண்டுவாருங்கள். ஈரத்துணி முழுவதையும் களையுங்கள். மயக்கத்தில் இருந்தால் கையைக் காலை வளைத்து இழுக்காமல் கத்தரியால் வெட்டி எடுத்துவிடலாம். துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். தலைமுடியில் தண்ணீர் நிறைய நிற்கும், பெண்களுக்குக் கூந்தலை அவிழ்த்துத் துவட்டி, உலர்ந்த துணியால் தலையைச் சுற்றிக் கட்ட வேண்டும்.

அடுத்தது தரை. மேலே மூன்று போர்வை போட்டுவிட்டுக் கீழே வெறும் சிமெண்டில் படுக்க வைத்தால் சூடு கீழ்வழியே போகும். ஓலைப்பாய், மடித்த சாக்கு, அட்டைப்பெட்டி, தெர்மாகோல் பலகை என்று கையில் கிடைப்பதைக் கீழே இரண்டு அடுக்காகப் போடுங்கள். மீன் பெட்டியில் ஐஸைச் சுற்றித் தெர்மாகோல் வைப்பது எதற்கோ, இதுவும் அதற்கேதான். பிறகு உலர்ந்த போர்வை, அதற்கு வெளியே காற்றுப் புகாமல் ஒரு தார்ப்பாயோ பாலித்தீன் விரிப்போ. முகம் மட்டும் திறந்திருக்கட்டும்.

வெளியிலிருந்து சூடு கொடுப்பதானால் மார்பு, அக்குள், மேல்முதுகு ஆகிய இடங்களுக்குக் கொடுங்கள். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி வைக்கலாம். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் போதும். சில்லிட்ட தோலுக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த காலுக்குப் பாட்டில் வைக்கவே வேண்டாம். வெந்நீருக்கு வழியில்லை என்றால் உலர்ந்த உடம்போடு இன்னொருவர் அதே போர்வைக்குள் ஒட்டிப் படுப்பது நல்ல மருத்துவம்.

நினைவு தெளிவாக இருந்து, தடையில்லாமல் விழுங்கவும் முடிந்தால் சர்க்கரையோ கருப்பட்டியோ தூக்கலாகப் போட்ட சூடான பானம் ஒரு தம்ளர் கொடுங்கள். டீயா சுக்குக் காபியா கஞ்சியா என்பது பெரிதல்ல. நடுங்குவதற்கு எரிபொருள் வேண்டும், அதை இனிப்பும் சோறும் தருகின்றன. மயங்கியோ விழுங்கத் தடுமாறியோ இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கொஞ்சம் தேறியதும் எழுந்து நடக்கச் சொல்லவும் வேண்டாம். அரை மணி நேரமாவது படுத்தோ உட்கார்ந்தோ இருக்கட்டும். கைகாலில் தேங்கிய குளிர்ந்த ரத்தம் நடக்கும்போது நெஞ்சுக்குத் திரும்பி, உட்சூட்டை மேலும் இறக்கும். கைகாலை அழுத்தித் தேய்க்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். மிகவும் சில்லிட்டவரை உருட்டிப் புரட்டினாலும் தூக்கிப் போட்டாலும் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடலாம்.

மாற்றுத்துணியே இல்லாத இடத்தில், நடுக்கடலில் என்று வையுங்கள், களைந்து நன்றாகப் பிழிந்து, திரும்ப உடுத்தி, அதன் மேல் பாலித்தீனைச் சுற்றிக்கொள்ளலாம். உள்ளே ஈரம் இருந்தாலும் ஆவியாகிப் போக முடியாததால் இழப்பு குறையும்.

“குளிருக்கு ஒரு கட்டிங்” பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். சாராயம் தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கும். உள்ளே இருக்கிற சூடான ரத்தம் தோலுக்கு வருவதால்தான் அந்த இதமான உணர்வு. அந்தச் சூடு நேராக வாடைக்குப் போய்ச் சேரும். நடுக்கத்தையும் அது மட்டுப்படுத்தும், குளிர்கிறது என்கிற அறிவையும் மழுக்கும். கரைக்கு வந்து உலர்ந்த பிறகு என்பது வேறு பேச்சு, நனைந்திருக்கும்போது குடிப்பது உயிரோடு விளையாடுவது.

மூடிய இடத்தில் கரி மூட்டுவதும் அப்படியே. விசைப்படகின் கேபினுக்குள் அடுப்பைப் பற்றவைத்துக் கதவைச் சாத்துவது, புயல் இரவில் திண்ணைக்கு உள்ளே ஜெனரேட்டரை ஓட்டுவது ஆகியவற்றில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, குமட்டல், பிறகு மயக்கம். எல்லோரும் ஒன்றாகத் தூங்கிவிட்டால் எழுப்ப ஆளிருக்காது. ஜெனரேட்டர் கட்டடத்துக்கு வெளியே, சன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

கடலில் இருப்பவர்களுக்கு

நாட்டுப்படகோ வத்தையோ விசைப்படகோ, ஆளுக்கு ஒரு உலர்ந்த கைலி, முழுக்கைச் சட்டை, துண்டு, தலைக்கு ஒரு துணி ஆகியவற்றை இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டி, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்திருங்கள். அதோடு அரைக் கிலோ கருப்பட்டியோ வெல்லமோ. வைத்த வாளியை எடுத்து மீன் போடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு, ஆகவே அதற்கென்று ஒரு நிறம் வைத்துக்கொள்ளுங்கள்.

படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தத் தோன்றும். நீந்தும்போது புதுப்புது நீர் உடம்பைத் தழுவிச் சூட்டை அள்ளிக்கொண்டு போகும், களைப்பும் சேரும். கவிழ்ந்த படகின் மேல் ஏறி, உடம்பில் எவ்வளவு முடியுமோ அவ்வளவைத் தண்ணீருக்கு வெளியே வையுங்கள். தேடி வருகிறவர்களுக்கும் தலையைவிடப் படகுதான் முதலில் தெரியும். ஏற முடியாவிட்டால், லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பவர் முழங்காலை நெஞ்சோடு மடக்கி, கைகளைக் கட்டிக்கொண்டு மிதக்கலாம். பலர் இருந்தால் நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து வட்டமாகக் கோத்துக்கொள்ளுங்கள். நீருக்குள் இருக்கும்போது சட்டையைக் களைய வேண்டாம். துணிக்குள் நிற்கும் நீர் கொஞ்சம் சூடாகிக் காக்கும்.

வெகுநேரம் நீரில் கிடந்தவரைத் தூக்கும்போது, முடிந்தால் கிடையாகத் தூக்குங்கள். செங்குத்தாக இழுத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து, படகுக்கு வந்த பிறகு உயிர் போவதுண்டு. மூழ்கி மூச்சில்லாமல் இருந்தால் வாயோடு வாய் வைத்து இரண்டு மூச்சு கொடுத்து, நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் அழுத்தத் தொடங்குங்கள். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறேன் என்று நேரத்தைக் கழிக்காதீர்கள். உடம்பு சில்லென்றிருக்கிறது என்பதற்காக முடிந்துபோனது என்று கைவிடவும் வேண்டாம், சூடேற்றிப் பார்த்த பிறகுதான் மருத்துவரே அந்த முடிவுக்கு வருவார். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கரைக்கு ஆம்புலன்ஸ் 108.

நாள் கணக்கில் ஈரத்தில் நிற்கும் கால்களையும் கவனியுங்கள். இரண்டு, மூன்று நாள் தொடர்ந்து ஊறினால் பாதம் வெளுத்துச் சுருங்கி, மிதித்தால் வலிக்கும். தினமும் எட்டு மணி நேரமாவது கால் முழுமையாக உலர்ந்திருந்தால் அது வராது.

பிறந்த குழந்தை

பச்சிளம் குழந்தைக்கு வரம்பே வேறு. 36.5 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 97.7 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனாலே உடல் வெப்பக் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. எடைக்கு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு மிக அதிகம், நடுங்கிச் சூடு உண்டாக்கவும் அதற்குத் தெரியாது. 2.5 கிலோவுக்குக் குறைந்த எடை, குறைமாதப் பிறப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் நல்லது. வயிறு சூடு, பாதம் சில்லென்றால் குழந்தை குளிரோடு போராடிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே சில்லென்றால் உடனே சூடேற்றிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பால் குடிக்க மறுப்பதும், அழுகை மெலிவதும், துவண்டு கிடப்பதும் அதே எச்சரிக்கைதான்.

சூடேற்ற மிகச் சிறந்த வழி தாயின் நெஞ்சு. குழந்தைக்கு இடுப்புத்துணி, குல்லா, காலுறை மட்டும் போட்டு, தாயின் மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி, தலையை ஒரு பக்கம் சாய்த்து வைத்து, இருவரையும் சேர்த்துச் சேலையால் கட்டிப் போர்த்த வேண்டும். மூக்கு மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைக் கங்காரு முறை என்பார்கள். எடை குறைந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் நாள் முழுக்கவும் வைக்கலாம். தாய்க்கு முடியாத நேரத்தில் அப்பாவோ பாட்டியோ வைத்துக்கொள்ளலாம்.

பிறந்த 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்ட வேண்டாம். எடை குறைந்த குழந்தைக்குச் செவிலியர் சொல்லும்வரை இளஞ்சூட்டில் நனைத்த துணியால் துடைப்பதே போதும். தலைக்கு ஊற்றி, நீவி, சாம்பிராணி காட்டும் வழக்கம் அன்பினால் செய்வதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் அடைமழை நாளில் அந்தக் கால் மணி நேரம் குழந்தைக்குப் பெரிய இழப்பு, புகை நுரையீரலுக்கும் ஆகாது. அறை 25 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்தினால் கொசு வரும் என்றால் வலை கட்டுங்கள், சுருள் கொளுத்த வேண்டாம்.

புயல் இரவில் பள்ளிக்கூடம்

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. இப்படிப்பட்ட நாளில் புயல் பாதுகாப்பு மையத்துக்கோ பள்ளிக்கோ வருகிறவர்கள் எல்லோரும் நனைந்தேதான் வருவார்கள். சாப்பாட்டுக்கு ஏற்பாடு நடக்கும், உலர்ந்த துணிக்கு நடப்பதில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் தரை முழுக்க ஈரமாகிவிடும், பிறகு பாய் விரிக்க இடமிருக்காது.

வாசலை ஒட்டியே துணி மாற்றும் இடம் இருக்க வேண்டும், பெண்களுக்குத் தனியாக மறைப்புக் கட்டி. ஈரம் அந்த இடத்தைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு கைலி அல்லது நைட்டி, ஒரு பாய், ஒரு போர்வை என்று புரட்டாசிக்குள் சேர்த்து, பாலித்தீன் உள்ளுறை போட்ட சாக்குகளில் கட்டி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் அடுக்கிவிடுங்கள். எல்லோருக்கும் சேர்க்க முடியாவிட்டால் கைக்குழந்தைகள், 65 வயது தாண்டியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் ஆகியோர் கணக்குக்காவது இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் கிராம சுகாதாரச் செவிலியரிடமும், அங்கன்வாடியிலும், மக்களைத் தேடி மருத்துவம் பணியாளரிடமும் துண்டு துண்டாக இருக்கும். மழைக்கு முன் ஒருநாள் மூவரும் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதிவிட்டால், யார் வீட்டுக்கு முதலில் வண்டி போக வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

உள்ளே இடம் ஒதுக்கும்போது இவர்களைக் கதவிலிருந்தும், காற்று வரும் வடக்குச் சன்னலிலிருந்தும் தள்ளிப் படுக்க வையுங்கள். சன்னலை எல்லாம் அடைத்துவிடாதீர்கள், காற்று அடிக்காத பக்கம் ஒன்றாவது திறந்திருக்கட்டும். கூட்டத்தில் சளியும் காய்ச்சலும் பரவுவதை அது குறைக்கும். இரவு பத்து மணிக்கும், குளிர் உச்சத்தில் இருக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் யாராவது ஒருவர் டார்ச்சோடு சுற்றி வந்து, முதியவர்களின் வயிற்றையும் குழந்தைகளின் பாதத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். எழுப்பினால் எழுந்து பெயர் சொல்கிறார்களா என்றும் பாருங்கள். குழறினாலோ, எழாவிட்டாலோ, நெஞ்சு சில்லென்றிருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை போர்வைக்குள்ளேயே வைத்திருங்கள், ஏற்றும்போது கீழே பாயோடு சேர்த்துத் தூக்குங்கள், வண்டியில் மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தச் சொல்லுங்கள்.